கண்வலிக்கிழங்கு: விலையுள்ள சரக்கு, உயிர் குடிக்கும் நஞ்சு

மழைக்காலத்தில் வேலியோரம் தீக்கொழுந்து போலப் பூத்து நிற்கும் செங்காந்தளை அறியாதவர் இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதற்பூ இது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆனால் வணிகருக்குப் பூவைவிட விதையும் கிழங்கும்தான் முக்கியம். கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், பொதுவாகக் கண்வலிக்கிழங்கு என்றும் அழைக்கிறோம்.

ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பகுதிகளில் இக்கொடியை விவசாயிகள் பயிரிடுகின்றனர். ஆடி, ஆவணியில் கிழங்கு ஊன்றினால் ஐந்தாறு மாதத்தில் காய் பறித்து, உலர்த்தி, விதை எடுக்கலாம். விதையிலுள்ள கோல்சிசின் 'கௌட்' என்னும் மூட்டுவாதத்துக்கு மருந்தாவதால் மருந்துக் கம்பெனிகளும் ஏற்றுமதியாளர்களும் வாங்குகின்றனர். சித்த வைத்தியர்கள் கிழங்கை முறைப்படி சுத்தி செய்து மருந்தில் சேர்க்கின்றனர்.

அதே கோல்சிசின்தான் நஞ்சும். செடியின் எல்லாப் பாகங்களிலும் அது உண்டு. வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிர் விட்டவர்கள் உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். அவை நின்றதும் பிழைத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. இரத்த அணுக்கள் குறைவது அதன் பிறகுதான். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டுவதுண்டு.

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளில் நச்சுச் சரக்குகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் கலப்பைக் கிழங்கும் இருக்கிறது. அது சேர்ந்த உள்மருந்தின் சீட்டில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும். தயாரிப்பாளருக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், மூட்டையாக இருப்பு வைக்கும் நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

ஆகவே வணிக அன்பர்கள் சிலவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது. இச்சரக்கை உணவுப் பண்டங்களோடு ஒரே அறையில் அடுக்க வேண்டாம். மூட்டையில் பெயரும் 'நஞ்சு' என்ற சொல்லும் பெரிதாக எழுதுங்கள். காலிச் சாக்கைப் பருப்புக்கோ அரிசிக்கோ திருப்பிப் பயன்படுத்தாதீர்கள். அதற்கென்று தனி முறமும் தராசுத் தட்டும் வையுங்கள். சரக்கைத் தொட்ட பையன்கள் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. கைவைத்தியத்துக்கு என்று சில்லறையாகக் கேட்டு வருவோருக்குக் கொடுக்காமல், வைத்தியரிடம் அனுப்புங்கள்.

தவறி யாரேனும் தின்றுவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல், மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது.

விலை இந்தப் பருவம் இறங்கும், அடுத்த பருவம் ஏறும். போன உயிர் திரும்பாது.