சி.ஆர்.பி.யும் ஆல்புமினும் எதைச் சொல்கின்றன?

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்று முடிவானதும் வரும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. 24, ஆல்புமின் 3.2 என்று இருந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி, "அப்ப பரவிடுச்சா?" இந்த எண்களுக்கு அது தெரியாது. பரவலைப் பார்க்க ஸ்கேன் இருக்கிறது. வெட்டியெடுத்த குடலையும் நிணநீர் முடிச்சுகளையும் நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் மருத்துவர் இருக்கிறார். கட்டியை உடம்பு எப்படித் தாங்குகிறது என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன.

கட்டியிலிருந்தும் அதைச் சூழ்ந்த செல்களிலிருந்தும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் ரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்டுகிறது. உடனே கல்லீரல், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அதிகமாகச் செய்கிறது, ஆல்புமின் என்ற புரதத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதனால்தான் தினமும் முட்டை வெள்ளைக்கரு கொடுத்தும் சிலருக்கு ஆல்புமின் ஏற மறுக்கிறது. கவனித்துக்கொள்பவர்களின் குறை அல்ல அது. முட்டையை நிறுத்தவும் வேண்டாம். கரையும் தசைக்குப் புரதம் தேவை.

சி.ஆர்.பி., ஆல்புமின் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு கிளாஸ்கோ முன்கணிப்பு மதிப்பெண் என்று பெயர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆய்வாளர் டொனால்ட் மெக்மில்லன் குழுவினர் உருவாக்கியது. அதன் திருத்திய வடிவத்தில், சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டாவிட்டால் 0. தாண்டினால் 1. தாண்டியதோடு ஆல்புமினும் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனால் 2. மேலே சொன்ன ரிப்போர்ட்டுக்கு 2. ஒரே ஸ்டேஜில் இருப்பவர்களிலும் மதிப்பெண் கூடியவர்களின் ஆயுள் சராசரியில் குறைவு என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சராசரி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு தனிமனிதரின் நாட்களை எண்ணிச் சொல்ல எந்த மதிப்பெண்ணாலும் முடியாது.

ரத்த வெள்ளணுக்களை வைத்தும் ஒரு கணக்கு உண்டு: அவற்றில் நியூட்ரோபில் 72 சதவீதம், லிம்போசைட் 18 சதவீதம் என்றால் இரண்டின் விகிதம் 4. இது கூடுவதும் நல்லதல்ல. ஆனால் எல்லைக்கோட்டைச் சில ஆய்வுகள் 3 என்கின்றன, சில 5 என்கின்றன.

கட்டிக்குள்ளேயே டி-லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் நெருக்கமாகக் குவிந்திருந்தால் கதை வேறு. அது நல்ல அறிகுறி. ஆய்வாளர் ஜெரோம் கலோன் குழுவினர் 2006இல் பெருங்குடல் கட்டிகளில் இதைக் காட்டினார்கள். இம்யூனோஸ்கோர் என்ற பரிசோதனை அதிலிருந்து வந்தது. ரத்தத்தில் பொதுவாக ஏறும் அழற்சி உடம்பைத் தளர்த்துகிறது; கட்டிக்குள் நுழைந்த இந்த வெள்ளணுக்கள் புற்றுச்செல்லைத் தாக்குகின்றன.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அலகைப் பாருங்கள். சில லேப்கள் சி.ஆர்.பி.யை லிட்டர் கணக்கிலும் சில டெசிலிட்டர் கணக்கிலும் தருகின்றன. பத்து மடங்கு வித்தியாசம். சளிக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மூட்டுவாதம் எல்லாமே சி.ஆர்.பி.யை ஏற்றும். ஸ்டீராய்டு மாத்திரை நியூட்ரோபிலை ஏற்றும். இவை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் சி.ஆர்.பி. ஏறுவது எல்லோருக்கும் நடப்பது. நான்காம் நாளும் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேலேயே நின்றால், குடலை இணைத்த தையலில் கசிவு இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடத் தொடங்குவார்கள்.