மிலாற்றுப் புகையும் மூச்சிரைப்பும்

சுருட்டையோ பீடியையோ தொட்டறியாதவருக்கும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் வருமோ என்று பலர் வினவுகின்றனர். வரும். பதுளைத் தோட்டங்களின் லயக் காம்பிராவில், குளிருக்கு அஞ்சிக் கதவடைத்து, ஈர மிலாற்றை எரித்துச் சமைக்கும் பெண்கள் இதற்கு எளிதில் இலக்காவர். புகையின் நுண்துகள் மூச்சுக்குழாய்களை ஆண்டுக்கணக்கில் புண்படுத்திச் சுருக்கும். சுருங்கியவை மீண்டும் முழுமையாக விரியா. வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

கவ்வாத்து மிலாற்றை மழை படாமல் அடுக்கி, நன்கு உலர்ந்த பின்னரே எரித்தல் வேண்டும். ‘அனகி’ மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்தும். எனினும் அதற்குப் புகைபோக்கி இல்லை. ஆதலின் கூரைக்கு மேலே புகை செல்ல வழி அமைத்தலே மேல். கொழுந்துக் கூடையுடன் மலையேறுகையில் இளைப்பும், விடாத இருமலும் சளியும் கண்டால், வயதின் தளர்ச்சி என்று தள்ளாது, வைத்தியரிடம் சென்று மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.