ஓடினவர் போய்விட்டார், கப் எங்கே போகிறது?

ஸ்ரீபெரும்புதூர்:-

மாரத்தான் ஓடுகிறவருக்கு நின்று தண்ணீர் குடிக்க நேரம் ஏது? கப்பை வாங்குவார், ஓடிக்கொண்டே இரண்டு மடக்கு குடிப்பார், ரோட்டில் வீசுவார்.

2023 ஆகஸ்டு 6-ந் தேதி சென்னையில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தானுக்கு 73 ஆயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். ஆளுக்கு 3 கப் என்று வைத்தாலே 2 லட்சத்தைத் தாண்டும்!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ரோடுகளில் இப்படி ஓட்டம் நடத்தினால்? வீசின கப் காற்றில் பறந்து கால்வாயில் விழும். மழை வந்தால் ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் சேருமிடம் செம்பரம்பாக்கம். சென்னைக்காரர் குடிக்கும் தண்ணீர்!

மக்காத கப்

"பேப்பர் கப்தானே, மக்கிடும்" என்பது தப்பு. தண்ணீர் ஊறாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் பூசியிருப்பார்கள். இந்தக் கப்புக்கும், தண்ணீர் பாக்கெட்டுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

லண்டனில் 2019 மாரத்தானில், முந்தைய ஆண்டைவிட 2 லட்சம் பாட்டில்களுக்கு மேல் குறைத்தார்கள். ஓரிடத்தில் கடல்பாசி உறையில் பானம் கொடுத்தார்கள். உறையோடு விழுங்கலாம்.

நமக்கு அதுகூட வேண்டாம். எவர்சில்வர் டிரம்மும் டம்ளரும் போதும். அண்ணாந்து குடிக்க நமக்குச் சொல்லித் தரணுமா? குப்பைத் தொட்டியைத் தண்ணீர் பந்தலை ஒட்டி வைக்காமல், குடித்து முடிக்கும் தூரத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஓடினவருக்கு மெடல் உண்டு. மறுநாள் கால்வாயில் இறங்கி கப் பொறுக்கும் தூய்மைப் பணியாளருக்கு?