இரும்பில் ஓடும் வைக்கோல் நிறம்

அரிவாளின் வாயை மேலே திருப்பி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நன்றாகத் தீட்டிய வாய் கண்ணுக்கே தெரியாது. வெளிச்சம் விழுந்து தங்குவதற்கு அங்கே அகலம் இல்லை. எங்காவது ஒரு புள்ளி வெள்ளியாக மின்னினால் அந்த இடத்தில் வாய் மடிந்திருக்கிறது என்று அர்த்தம். இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் தேனி மாவட்டத்துக் கூடலூரில் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரி. குமுளி மலை ஏறி ஏலத்தோட்டத்தில் நிழல் மரம் கவாத்து வெட்டப் போகும் இளைஞர் ஒருவர், சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் நேராகப் பட்டறைக்கு வந்து தன் வெட்டரிவாளை நீட்டினார். அதன் வாயில் மூன்று இடங்களில் மின்னியது. நாலாவது இடத்தில் அரிசிமணி அளவுக்கு ஒரு பல் தெறித்துப் போயிருந்தது.

"இது தேறுமாண்ணே?"

"மடிஞ்சதுக்கு என்ன தம்பி, எந்திரிச்சிரும். தெறிச்சதைத்தான் பாக்கணும்."

எந்திரிச்சிரும் என்று அவர் சொன்ன விதம் மனதில் நின்றுவிட்டது. விழுந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பழைய உளி ஒன்றை எடுத்து அதன் வழவழப்பான முதுகை அரிவாள் வாயில் சாய்த்து வைத்து, பிடியிலிருந்து நுனி நோக்கி அழுத்தி இழுத்தார். ஐந்தாறு இழுப்புதான். துளி இரும்புகூட உதிரவில்லை. வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று மின்னல்களும் அணைந்திருந்தன.

இரும்பைப் போல உறுதியானவன் என்று பேசுகிறோம். உண்மையில் இரும்பின் பெரிய வரம் அதன் இளக்கம். தீட்டிய வாயின் விளிம்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இராது. தலைமுடி அதைப்போல ஐம்பது மடங்கு தடிமன். அவ்வளவு மெல்லிய ஒன்று புளியங்கட்டையின் கணுவில் போய் இடிக்கிறது. கண்ணாடியாக இருந்தால் நொறுங்கும், ஈயமாக இருந்தால் நசுங்கியே கிடக்கும். அரிவாளின் வாய் ஓரமாகத் தலைசாய்ந்து அடியை வாங்கிக்கொள்கிறது, பிறகு நிமிர்த்தினால் நிமிர்கிறது. இந்தக் குணத்தை இரும்புக்குள் வைத்தவனை எண்ணும்போது எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்தக் குணம் வெளிப்படும் இடம் உலைக்களம். அரிவாள் ஆகப்போகும் இரும்பு பெரும்பாலும் லாரியிலிருந்து கழற்றிய பட்டை. அதில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி கலந்திருக்கும். அடித்து வடிவம் வந்தபின் அதை உலையில் செக்கச்சிவக்கக் காய்ச்சுவார்கள். சுமார் 770 டிகிரிக்கு மேல் அந்த இரும்பில் காந்தம் ஒட்டாது. அந்தச் சூட்டை ஒட்டியே உள்ளே அணுக்கள் வரிசை மாறி நிற்கின்றன, நடுவில் பிறக்கும் இடைவெளிகளில் கரி போய் அமர்கிறது. அந்த நேரத்தில் வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்தால் கரிக்கு வெளியேற அவகாசம் கிடைப்பதில்லை. சிறைப்பட்ட கரி இரும்பை இறுக்கிவிடுகிறது. இதுதான் தோய்ச்சல்.

தோய்த்து எடுத்த வாய் அப்படியே இருந்தால் முதல் வெட்டிலேயே சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதனால் ஆசாரி ஓரத்தைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் காத்திருப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கி வரும். வரும்போது நிறங்கள் ஓடும். முதலில் வெளிறிய வைக்கோல் நிறம், அடுத்துத் தவிட்டு நிறம், கத்தரிப்பூ நிறம், பிறகு நீலம். மழைத் தண்ணீரில் எண்ணெய் பட்டால் வண்ணம் விரியுமே, அதே ஒளி விளையாட்டுதான். இரும்பின் மேல் காற்றுப் பட்டுப் படரும் ஆடை, சூடு ஏற ஏறக் கனத்துக்கொண்டே போவதால் நிறம் மாறுகிறது. வைக்கோல் நிறம் என்றால் ஏறத்தாழ 230 டிகிரி, நீலம் என்றால் 300. வெப்பமானியே பார்த்திராத மனிதனுக்கு இத்தனை துல்லியமாக அளவு சொல்லும் ஏற்பாட்டை இயற்கை இரும்பின் தோலிலேயே எழுதி வைத்திருக்கிறது. வைக்கோல் நிறம் தாண்டுவதற்குள் மறுபடி தண்ணீர் காட்டினால் வாய் கெட்டி, முதுகு இளக்கம். வேலைக்கு உகந்த அரிவாள் அதுதான்.

இதே கலை இமயமலை அடிவாரத்திலும் இருக்கிறது. நம் தெருக்களில் இரவில் விசில் ஊதிப் போகும் கூர்க்காவின் இடுப்பில் இருந்ததே, அந்தக் குக்ரி. நேபாளத்துக் கொல்லர்களும் லாரிப் பட்டையைத்தான் அடிக்கிறார்கள். காய்ந்த குக்ரியைத் தொட்டியில் முக்காமல் கெண்டியிலிருந்து தண்ணீரை வாய் ஓரமாக மட்டும் ஊற்றிக்கொண்டே போவார்கள். வெட்டு விழும் தொப்பைப் பகுதி மிகவும் கெட்டியாகும், நுனியும் பிடிப்பக்கமும் சற்று இளக்கமாக நிற்கும். உறைக்குள் குக்ரியோடு இரண்டு குட்டிக் கத்திகள் இருக்கும். ஒன்று கர்தா, சில்லறை வேலைக்கு. மற்றொன்று சக்மக், அதற்குக் கூர் கிடையாது. காட்டில் எலும்போ கணுவோ பட்டுக் குக்ரியின் வாய் மடிந்தால், சக்மக்கை வைத்து அழுத்தி இழுத்து நிமிர்த்திவிடுவார்கள். கூடலூர் ஆசாரியின் உளி முதுகு செய்த அதே வேலை. மருந்தையும் உடன் கட்டிக்கொண்டு திரியும் ஆயுதம் அது. அங்கே கொல்லர்கள் தங்களை விஸ்வகர்மா வழியினர் என்கிறார்கள், இங்கேயும் அதே பெயர்தான். நாம் ஆயுத பூஜைக்கு அரிவாளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் நவராத்திரி நாட்களில் அவர்கள் தசைன் திருவிழாவில் குக்ரிக்குப் பூசை செய்கிறார்கள்.

தெறித்த பல்லுக்கு வருகிறேன். மடிவது இளக்கத்தின் வேலை, தெறிப்பது இறுக்கத்தின் வேலை. வெட்டு ஆழப் பதிந்தபின் அரிவாளை நேராக உருவாமல் பக்கவாட்டில் நெம்புகிறவர்கள் கையில்தான் பெரும்பாலும் தெறிக்கும். பல் மறையும்வரை வாய் முழுவதையும் தேய்த்துத் தள்ளப்போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. அரத்தை எடுத்து அந்தப் பல்லின் கூர்மூலைகளை மட்டும் மழுக்கி, பிறை போல வளைவாக்கினார். வளைவில் அடி விழுந்தால் அதிர்வு பரவிப் போய்விடும். மூலையில் விழுந்தால் அங்கேயே குவிந்து கீறலாக உள்ளே ஓடும். விமானத்தின் சன்னல்களை மூலை உருட்டி அமைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மிச்சக் குழி தீட்டத் தீட்டத் தானே கரைந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அளவுக் காயத்துக்காகத் தோய்ச்சல் ஏறிய நல்ல இரும்பை வீணாக்கக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மரமும் எலும்பும் வாயைக் கெடுப்பது புரிகிறது. நெல் எப்படிக் கெடுக்கிறது? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. பென்னிகுவிக் 1895-இல் கட்டி முடித்த அணையின் கொடை அது. தெளிந்து வரும் அந்தத் தண்ணீரில் மலைப்பாறை கரைந்த சிலிக்கா கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. நெல்லின் வேர் அதைத் தேடித்தேடி உறிஞ்சுகிறது, தாளிலும் தோகையிலும் நுண்ணிய சில்லுகளாகப் பதிக்கிறது. காய்ந்த வைக்கோலின் எடையில் பத்தில் ஒரு பங்கு அதுவாகவே இருக்கலாம். தோகை நம் கையை அறுப்பது அதனால்தான். மணலும் கண்ணாடியும் எந்தப் பொருளோ, அந்தப் பொருளை எலும்பாக வைத்துக்கொண்டு நெல் நிமிர்ந்து நிற்கிறது. தண்டைத் துளைக்கும் புழுவின் வாயும் அதில் தேய்கிறது, அரிவாளின் வாயும் தேய்கிறது. இப்போது பெரும்பாலும் அறுப்பு மிஷின் இறங்கிவிட்டது. வயல் மூலையில் விட்டுப்போன கதிருக்கும் மாட்டுப் புல்லுக்கும் இன்னும் அரிவாள்தான், அதன் வாய் இன்னும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மழுக்கிய பொருளே கூர் ஏற்றவும் செய்கிறது, அதுதான் என்னை மலைக்க வைப்பது. பனையேறிகள் பாளை அரிவாள் தீட்டும் பலகையில் வெள்ளைக்கல்லைப் பொடித்துத் தூவுவார்கள். அந்த வெள்ளைக்கல்லும் சிலிக்காதான், பாறைக்குள் படிகமாக இறுகியது. தோய்ச்சல் ஏறிய இரும்பையும் அது அராவும். தாளுக்குள் இருந்து அரிவாளை மழுக்கியதும், பலகைமேல் கிடந்து அதற்குக் கூர் கொடுப்பதும் ஒரே பொருள்!

அதே வயலில், உலையும் பலகையும் இல்லாமல் தன் வாயைத் தானே தீட்டிக்கொள்ளும் ஒருவன் வளையில் இருக்கிறான். வயல் எலி கடித்த தாளைப் பாருங்கள், சீவியதுபோலச் சாய்வாக அறுபட்டிருக்கும். அதன் முன்பல்லின் வெளிப்பக்கத்தில் மட்டும்தான் கெட்டியான எனாமல், உட்பக்கம் இளக்கமானது. கடிக்கக் கடிக்க உட்பக்கம் விரைவாகத் தேயும், வெளி ஓரம் உளிபோல நீண்டு நிற்கும். தேய்ந்ததை ஈடுகட்ட வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் பல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பல்லின் முன்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அழுக்கு அல்ல, இரும்பு. எலி தின்றதிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்து, வெட்டு விழும் ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது அதன் உடம்பு. ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் இளக்கம் என்று ஆசாரி கண்ட சூத்திரம், மனிதன் பிறப்பதற்கு முன்பே எலியின் வாயில் எழுதப்பட்டிருந்தது.

மனிதன் இரும்பைக் கண்டுகொண்டதும் நேற்று இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த சான்றுகளின்படி தமிழ் நிலத்தில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதைவிடவும் பழையது அந்த இரும்பின் பிறப்பு. சூரியன் உருவாகும் முன்பே வெடித்துச் சிதறிய விண்மீன்களுக்குள் ஆக்கப்பட்ட அணுக்கள்தான் பட்டறையில் சிவப்பது. எலியின் பல்லில் இருப்பதும், அரிவாள் பிடித்த கையில் ஓடும் ரத்தத்தில் இருப்பதும் அவையே.

படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு அரிவாளோ அரிவாள்மணையோ மழுங்கினால் தூக்கிப் போடாதீர்கள், அவசரப்பட்டு மின்சாரச் சாணையில் கொடுத்துப் பொறி பறக்கவும் விடாதீர்கள். முதலில் வெயிலில் பிடித்துப் பாருங்கள். மின்னும் இடம் மடிந்த இடம் மட்டும்தான் என்றால் வழவழப்பான கெட்டி இரும்பால் நீவுங்கள், பிறகு ஈரக் கல்லில் பத்துத் தேய்ப்பு போதும். சாணைதான் வேண்டும் என்றால் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓரம் நீலம் பாய்ந்துவிட்டால் ஆசாரி வைத்த தோய்ச்சல் போய்விட்டது என்று கொள்ளுங்கள். அந்த வாய் எத்தனை தீட்டினாலும் நிற்காது, மறுபடி உலைக்குத்தான் போக வேண்டும்.