உழைத்து ஓய்ந்த மாடு: விற்கத் தடை வேண்டுமா?

நீடாமங்கலம் வட்டாரத்தில் சேற்றுழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது; அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. ஆயினும் சிறு விவசாயிகளின் கட்டுத்தறி முழுவதும் காலியாகிவிடவில்லை. பரம்படிக்கவும் வண்டிக்கும் வைத்திருந்த ஜோடியில் ஒன்றாவது நிற்கிறது. பால் வற்றிய பசு நிற்கிறது. ஆறு மா நிலம் உள்ளவர் அந்த மாட்டை என்ன செய்வது?

2017-ஆம் ஆண்டு மத்திய அரசே இதற்கு விடை சொல்ல முற்பட்டது. அந்த ஆண்டு மே 23-ஆம் தேதியிட்ட கால்நடைச் சந்தை விதிகளின்படி, வெட்டுவதற்காக மாட்டைச் சந்தையில் விற்கக்கூடாது. அறுப்புக்கு அல்ல என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் தாம் விவசாயி என்பதற்கு நில ஆவணம் காட்ட வேண்டும். விற்பனைச் சீட்டு ஐந்து பிரதிகள்! பசு, காளை, எருது, எருமை, கன்று எல்லாம் இதில் அடக்கம், ஒட்டகத்தையும் சேர்த்திருந்தார்கள். ஒரே வாரத்தில், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்றது. 2018-ல் வெளியான புதிய வரைவு விதிகளில் அறுப்பு பற்றிய பேச்சே இல்லை.

ஆனால் கேள்வி தீரவில்லை. பலருடைய மனம் ஒப்பாத ஒரு விற்பனையை அரசு சட்டம் போட்டு நிறுத்தலாமா? கள் விற்பனைக்கு 1987 முதல் நம் மாநிலத்தில் தடை. சீமைச் சாராயத்தை மட்டும் அரசே கடை வைத்து விற்கிறது. அது தனிக் கதை. மாட்டு விஷயத்துக்கு வருவோம்.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசிய கையால், அதே மாட்டை அடிமாட்டுக்குப் பிடித்துக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. கடைசிவரை வைத்திருந்து தோப்பிலே புதைத்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களைப் போற்றத்தான் வேண்டும். எனினும் அது அவர்கள் தங்கள் வைக்கோலைப் போட்டுச் செய்த முடிவு.

வைக்கோல் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். நாட்டு மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் என்று வைத்தாலும், ஆண்டுக்கு 2 டன்னுக்கு மேல் ஆகிறது. ஏறக்குறைய ஓர் ஏக்கர் சம்பா வைக்கோல் முழுவதும் அதற்கே சரி. இரண்டு ஏக்கர்காரருக்கு இது சிறு தொகை அல்ல. கறவை மாட்டுக்குப் போட வேண்டியது கிழமாட்டுக்குப் போகிறது.

"சாணம் கிடைக்கிறதே?" என்று கேட்கலாம். நீதிமன்றத்திலும் இந்த வாதம் நடந்தது. 1958-ல் உச்ச நீதிமன்றம், பசுவையும் கன்றையும் வெட்டத் தடை விதிக்கலாம். ஆனால் உழைப்புக்கு உதவாமல் போன எருதுக்கும் முழுத் தடை என்பது நியாயமாகாது என்று தீர்ப்பளித்தது. தீவனப் பஞ்சமும் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. 2005-ல் குஜராத் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக இதை மாற்றியது. கிழ எருதும் சாணமும் கோமியமும் தருகிறது, அது பயனற்றதல்ல என்றது. உண்மைதான். நாளுக்குப் பத்து கிலோ சாணம் என்றால், மக்கியபின் ஆண்டுக்கு 2 டன் எரு தேறும். நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட வேண்டும் என்பது சிபாரிசு. ஓர் ஏக்கர் வைக்கோலைத் தின்றுவிட்டு அரை ஏக்கருக்கும் குறைவான எருவைத் தருகிறது.

உத்தரப் பிரதேசத்தில் 2017-க்குப் பின் கெடுபிடி அதிகமானது. விற்க வழியில்லாத மாடுகளை அவிழ்த்து விட்டார்கள். அவை கோதுமை வயலில் இறங்கின. விவசாயிகள் இரவில் கண்விழித்துக் காவல் காத்தார்கள். 2019-ல் அம்மாநில அரசு, தெருமாட்டை வளர்ப்போருக்கு நாளுக்கு 30 ரூபாய் கொடுக்க முன்வந்தது. பிறகு அது 50 ஆயிற்று. தடை போட்டவர் தீவனச் செலவில் பங்கேற்பது என்ற முறையில் இது சரியே. இதைத் தடைக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்பது நமது கருத்து.

சந்தையை மூடினால் விற்பனை நிற்காது. துண்டுக்கடியில் விரல் பிடித்து நாலு தரகர் கேட்கும் மாட்டை, இருட்டிய பின் வாசலுக்கு வரும் ஒருவர் சொன்ன விலைக்குக் கொடுக்க நேரும். கிழமாட்டுக்குக் கிடைக்கும் தொகைதான் அடுத்த கன்றுக்கு முன்பணம். நம் கீழ்த்தஞ்சைக்கே உரிய உம்பளச்சேரி மாடு நிலைக்க வேண்டுமானாலும் இதை மறக்கக்கூடாது. முடிவில் விற்க முடியாத மாட்டை எவரும் முதலில் வாங்கத் துணிய மாட்டார்.

கொடுமையைத் தடுப்பது வேறு; அதில் அரசு கண்டிப்பாக இருப்பதே நல்லது. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேற்பட்டு, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது என்று அதிகாரி சான்று தந்த மாட்டையே வெட்டலாம். நிரந்தரமாக ஊனமுற்ற மாட்டுக்கும் சான்று பெறலாம். 1976-ஆம் ஆண்டு ஆணை பசுவையும் கிடாரியையும் வெட்டக்கூடாது என்கிறது. 1978-ஆம் ஆண்டு விதிப்படி சாதாரண லாரி ஒன்றில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும். மாட்டை விற்கும் விவசாயி, ஏற்றும் இடத்தில் சற்று நின்று, லாரியில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு மூக்கணாங்கயிற்றைக் கைமாற்றலாம்.