எண்ணெயில் ஓடும் பாரந்தூக்கி: அனுகூலமும் பிரதிகூலமும்

மும்பை வாழ் நம்மவருள் பிவண்டிக் கிடங்குகளிலும், நவசேவாத் துறைமுகத்தை அடுத்த சரக்கு முற்றங்களிலும் உழைப்போர் உண்டு. முதுகு சுமந்த பாரத்தை இன்று பெரும்பாலும் ஃபோர்க்லிஃப்ட் எனும் வண்டி தூக்குகிறது. இரண்டு இரும்புக் கரங்களைப் பேலட்டுக்கு அடியில் நுழைத்து, சரக்கைத் தட்டோடு உயர்த்தும் இவ்வண்டியில் மின்கலத்தால் ஓடுவதும் உண்டு, டீசலாலோ எல்.பி.ஜி. எரிவாயுவாலோ ஓடுவதும் உண்டு. பின்னதன் நன்மை தீமைகளை அதனருகே உழைப்போர் அறிந்திருத்தல் அவசியம் என்று கருதுகிறோம்.

முதலில் நன்மைகளைக் கூறுவோம். டீசல் தீர்ந்தால் சில நிமிடங்களில் நிரப்பிக்கொள்ளலாம். எரிவாயு தீர்ந்தால் சிலிண்டரை மாற்றினால் போதும். ஈய அமில மின்கலமோ, முழுமையாக மின்னேறச் சுமார் 8 மணி நேரம் பிடிக்கும். பிறகு அது ஆறவும் வேண்டும். மேடு பள்ளமான தரை, ஏற்றம், கொட்டும் மழை, மிகுந்த பாரம் ஆகியவற்றுக்கு டீசல் வண்டி சளைப்பதில்லை. வாங்கும் விலையும் பெரும்பாலும் குறைவே. ஆதலின் திறந்தவெளிக்கு அது ஏற்ற வண்டி என்பதில் ஐயமில்லை.

இனி, தீமைகள். அன்றாட எரிபொருட் செலவு, எண்ணெய் மாற்றுதல், இரைச்சல், அதிர்வு ஆகியவை யாவரும் அறிந்தவை. முதலாளியின் கணக்கேட்டில் ஏறாத தீமை ஒன்று உண்டு, அதுவே புகை. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. எரிவாயு வண்டியில் கரும்புகை காணப்படாததால் அது தூயது என்று எண்ணிவிடலாகாது. சரிவரப் பராமரிக்கப்படாத எஞ்சின் கார்பன் மோனாக்சைடை மிகுதியாக வெளியிடும். அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு சேரவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். அவற்றை வேலைக் களைப்பென்று எண்ணித் தேநீர் அருந்திவிட்டு மீண்டும் உள்ளே செல்வதுதான் பேராபத்து.

ஆதலின் அடைத்த கிடங்கினுள் எண்ணெய் வண்டி கூடாது என்பதே நம் கருத்து. விரைவில் மின்னேறும் லித்தியம் மின்கலங்கள் வந்துவிட்ட பின், நேரம் வீணாகிறது என்ற பழைய வாதமும் வலுவிழந்துவிட்டது. உடனே மாற்ற இயலாத இடங்களில் கதவுகளைத் திறந்து வைத்தல், காற்றை வெளியேற்றும் விசிறிகளை ஓட்டுதல், காத்திருக்கும் வேளையில் எஞ்சினை நிறுத்துதல், அதைக் காலந்தவறாது சீர்செய்தல் ஆகியவற்றையேனும் கேட்டுப் பெறவேண்டும். தலை சுற்றினால் உடனே வெளியேறித் தூய காற்றைச் சுவாசிக்க வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது புகையில் வேலை செய்ததையும் சொல்ல வேண்டும்.

இல்லத்தாருக்கும் ஒரு வார்த்தை. கிடங்கு வேலைக்குச் செல்லும் பிள்ளை நாள்தோறும் தலைவலியோடு திரும்பினால், தைலத்தைத் தேடுமுன் அங்கே ஓடும் வண்டி எத்தகையது என்று கேளுங்கள்.