ஒரே இயந்திரத்தில் பல சர்வர்கள்: நன்மைகளும் ஆபத்துகளும்

பிள்ளைகளின் தேர்வு முடிவு, வங்கிக் கணக்கின் இருப்பு, ரயில் டிக்கெட் என்று நாம் கைபேசியில் எதைத் தேடினாலும், எங்கோ ஓரிடத்தில் இயங்கும் சர்வர் என்ற கணினிதான் பதில் தருகிறது. முன்பெல்லாம் ஒரு வேலைக்கு ஒரு சர்வர் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். அவற்றில் பல, நாளின் பெரும்பகுதி வேலையின்றி ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் மின்சாரமும் ஏசியும் இடமும் அவற்றுக்குத் தேவைப்பட்டன. இந்த வீண்விரயத்தைக் குறைக்கும் வழிதான் விர்ச்சுவலைசேஷன். தமிழில் மெய்நிகராக்கம் என்கிறோம்.

இது என்ன?

ஒரு குடும்பம் மட்டும் வசித்த மனையில் அடுக்குமாடி கட்டிப் பத்துக் குடும்பங்களைக் குடிவைப்பதைப் போன்றது இது. ஒரு பெரிய கணினிக்குள் பல சர்வர்கள் குடியிருக்கும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினியாகவே கருதி இயங்கும். நினைவகம், சேமிப்பிடம் ஆகியவற்றை இவற்றுக்குப் பங்கிட்டு, ஒன்றின் வீட்டுக்குள் மற்றொன்று நுழையாமல் காக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

இது புதிய யோசனை அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே இதைச் செய்து பார்த்தது. 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. 1998-இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் இதைச் சாதாரண சர்வர்களுக்கும் கொண்டுவந்தது. 2006-இல் அமேசான் இத்தகைய சர்வர்களை வாடகைக்கு விடத் தொடங்கியது. இன்று நாம் 'கிளவுட்' என்று சொல்வதன் அடித்தளம் இதுதான்.

நன்மைகள்

முதலாவது, சிக்கனம். குறைந்த இயந்திரங்களில் அதிக வேலை நடப்பதால் மின்செலவும் இடமும் மிச்சமாகின்றன.

இரண்டாவது, வேகம். புதிய இயந்திரத்தை வாங்கிப் பொருத்த வாரக்கணக்கில் ஆகும். மெய்நிகர் சர்வரைச் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம். சிறிய பள்ளிக்கூடமும் சிறு வணிகரும் பெரிய முதலீடின்றி மாத வாடகையில் சர்வர் வைத்துக்கொள்ள முடிவது இதனால்தான்.

மூன்றாவது, தடையின்மை. உரிய ஏற்பாடு இருந்தால், இயங்கிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமலேயே வேறு இயந்திரத்துக்கு மாற்றிவிட்டு, பழைய இயந்திரத்தைப் பழுது பார்க்கலாம்.

ஆபத்துகள்

குடும்பங்கள் பத்து என்றாலும் கூரை ஒன்றுதான். அடியில் உள்ள இயந்திரம் நின்றுபோனால் அதில் குடியிருக்கும் அத்தனை சர்வர்களும் நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஹைப்பர்வைசரில் ஏற்படும் ஓட்டை. 2015 மே மாதம் 'வெனம்' என்ற பிழை கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது அநேகமாக யாரும் பயன்படுத்தாத பிளாப்பி டிஸ்க்குக்காக எழுதப்பட்ட பழைய நிரல் பகுதியில் அது ஒளிந்திருந்தது. ஒரு சர்வருக்குள் இருப்பவர் அதன் வழியே சுவரைத் தாண்டி, அடியில் உள்ள இயந்திரத்துக்குள்ளேயே புக வாய்ப்பிருந்தது.

2023 பிப்ரவரியில் விஎம்வேரின் ஹைப்பர்வைசரைக் குறிவைத்து, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான சர்வர்களின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டார்கள் இணையத் திருடர்கள். அவர்கள் பயன்படுத்தியதாகக் கூறப்பட்ட ஓட்டைக்கான திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளிவந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளாக அதைப் போடாமல் விட்டவர்கள் எளிதில் சிக்கினார்கள்.

இன்னொன்று, ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. அதன் பிறகு, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தின் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. பல வாடிக்கையாளர்களுக்குச் செலவு கூடியது. வேறு நிறுவனத்துக்கு மாறுவதோ எளிதல்ல.

நகல் எங்கே இருக்கிறது?

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. லட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கின. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டு வந்தார்கள். நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

மெய்நிகர் சர்வரை வைத்திருப்பவர்கள் 'ஸ்னாப்ஷாட்' எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பதுண்டு. சர்வரின் அந்த நேரத்து நிலையைப் பதிவு செய்வது ஸ்னாப்ஷாட். பெரும்பாலும் அது அதே சேமிப்பிடத்தில்தான் இருக்கும். அந்தச் சேமிப்பிடம் அழிந்தால் அதுவும் அழியும். ஆகவே அது முழுமையான காப்பு நகல் ஆகாது.

இன்று நம் பள்ளிக்கூடங்களின் மாணவர் பதிவும், கடைகளின் கணக்கும், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் கணினிக்கு மாறி வருகின்றன. இவை மக்கள் நம்பி ஒப்படைத்த அமானிதங்கள். இவற்றை வாடகைச் சர்வரில் வைக்கும் பொறுப்பாளர்கள் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். காப்பு நகல் வேறு ஊரில் இருக்கிறதா? அதிலிருந்து தகவலை மீட்டுச் சோதித்துப் பார்த்தது எப்போது? பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுவது யார் பொறுப்பு? நிர்வாகக் கடவுச்சொல் யார் யாரிடம் உள்ளது?

இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் மெய்நிகர் சர்வரைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கிடைக்காவிட்டால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பதிவேட்டை அங்கே ஒப்படைக்காமல் இருப்பதே நல்லது.